இருக்கிறார், இறந்துவிட்டார், காணவில்லை

1

ஊரை விட்டு வந்து இருபத்து மூன்று வருடங்கள் ஆகின்றன. ஐரோப்பாவின் வடக்கில் ஒரு துறைமுக நகரத்தில் இருக்கிறேன். நாட்டின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. இதில் வரும் ஆட்களின் பெயர்களையும், என் பெயர் உட்பட, மாற்றியிருக்கிறேன். இதற்கு முன் இந்த மாதிரிக் குறிப்புகள் எழுதியபோது அப்படிச் செய்ததில்லை. பனியைப் பற்றியும், டிராமில் தவறவிட்ட குடையைப் பற்றியும், பிள்ளைகள் பேசும் தமிழைப் பற்றியும் எழுதுவதற்குப் பெயரை எதற்கு மறைக்க வேண்டும்? இது அப்படிப்பட்டதல்ல.

ஒரு சனிக்கிழமை மதியம். என் கணவர் அன்வர் காய்கறி வாங்கப் போயிருந்தார். நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். சதுரங்கப்பட்டினத்திலிருந்து தம்பி கபீர் கூப்பிட்டான். அவனுக்கு அங்கே படகு இன்ஜின் உதிரிபாகங்கள் விற்கும் கடை. கல்யாணத்துக்குப் பிறகு செங்கல்பட்டை விட்டு மனைவியின் ஊரோடு போய்விட்டான்.

"அக்கா, ரெண்டு பேர் உன்னத் தேடிக்கினு வந்தாங்க. ஒரு பொண்ணு, ஒரு ஆளு."

"என்னையா? எதுக்கு?"

"சர்வேன்னாங்க. கைல டேப்லெட்டு வெச்சிக்கினு இருந்தாங்க. மும்தாஜ், அப்பா பேரு அப்துல் கரீம்னு கரெக்டா சொன்னாங்க. செங்கல்பட்டுல நாம இருந்த பழைய தெரு பேரு, கதவு நம்பர் எல்லாம் சொன்னாங்க. உயிரோட கீறாங்களான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நல்லா கீறாங்க, ஃபாரின்ல கீறாங்கன்னேன். அப்பறம் அந்தப் பொண்ணு கொரல கொறச்சிக்கினு கேட்டுச்சி. சின்ன வயசுல உங்க அக்கா கைல ஒரு தேமல் வந்து மாத்திரை சாப்ட்டாங்களே, அது திரும்ப வந்துச்சான்னு."

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"உன் நம்பரு கேட்டாங்க, குடுத்துட்டேன். வூட்ல யார் யாருன்னு கேட்டாங்க. மச்சான் பேரு, உன் பொண்ணு சஃபியா பேரு, வயசு எல்லாம் சொன்னேன். எழுதிக்கினாங்க." பிறகு கேட்டான். "அது வெறும் தேமல்தானேக்கா?"

"ஆமாண்டா. தேமல்தான்."

அப்போது அவனுக்கு ஆறு வயது. வீட்டில் அவனிடம் தேமல் என்றுதான் சொல்லியிருந்தார்கள். இத்தனை வருடம் கழித்து நானும் அதையே சொன்னேன்.

2

அது தேமல் இல்லை. தொழுநோய். இந்தச் சொல்லை நான் என் கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு அப்போது பதினொரு வயது. இடது முழங்கைக்குக் கீழே, புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிதாக, வெளிறிய ஒரு வட்டம். வலி இல்லை, அரிப்பு இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள்தான் அதைப் பார்த்தார்கள். ஒரு அம்மா என்னைக் கண்களை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சு நுனியால் கையைத் தொட்டார். தொட்ட இடத்தை விரலால் காட்டு என்றார். எல்லா இடங்களையும் சரியாகக் காட்டினேன். அந்த வட்டத்தை மட்டும் காட்டவில்லை. அங்கே தொட்டதே எனக்குத் தெரியவில்லை.

அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கடைத்தெருவில் தையல் சாமான் கடை. மறுநாள் கடையைத் திறக்காமல் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஒரு எழுத்தர், மேசையை அடைத்துக் கிடந்த பெரிய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர், அப்பா பெயர், தெரு என்று கேட்டார். அத்தா என் பெயரைச் சொன்னார். தெருவின் பெயர் வந்ததும் நிறுத்தினார்.

"வேற வெலாசம் குடுத்தா ஆவாதா?"

"எந்த வெலாசம் குடுக்கிறியோ அங்கதான் ஆளு வருவாங்க பாய். பொண்ணு மாத்திரை ஒழுங்கா சாப்புடுதான்னு பாக்கணும் இல்ல? பொய் வெலாசம் குடுத்துட்டு நாளைக்கி வெரலு மடங்கிப் போச்சின்னு வந்து நின்னா நான் இன்னா பண்ண முடியும்?"

"யாருக்கும் தெரிஞ்சிடாதே?"

"இந்த நோட்டு இந்த ரூம்ப வுட்டுப் போவாது."

அந்த மனிதர் பொய் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. அவர் அங்கே வேலை பார்த்தவரை அது அந்த அறையில்தான் இருந்திருக்கும். அத்தா அவரை நம்பி உண்மையான விலாசத்தைக் கொடுத்தார்.

மாதத்துக்கு ஒரு முறை அங்கே போய் அவர்கள் கண் முன்னால் மாத்திரை விழுங்க வேண்டும். அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். மற்ற நாட்களில் வீட்டிலேயே ஒரு வெள்ளை மாத்திரை. ஆறு மாதத்தில் முடிந்தது. வட்டம் மெல்ல மெல்லத் தோலோடு கலந்துவிட்டது. இன்று எங்கே இருந்தது என்று கேட்டால் எனக்கே சரியாகக் காட்டத் தெரியாது. கடைசி மாத்திரை விழுங்கிய அன்று அம்மா எனக்குப் பிடித்த இறால் பிரட்டல் செய்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார். பிறகு சொன்னார்: "இது நம்ம நாலு செவுத்துக்குள்ள. உன் புருஷனுக்குக்கூடத் தெரியக்கூடாது."

புருஷனுக்குச் சொல்லவில்லை. இந்த நாட்டுக்குக் குடியேறும்போது தந்த படிவத்தில், பக்கத்திலேயே ஆங்கிலத்திலும், ஒரு கேள்வி இருந்தது. கீழ்க்கண்ட நோய்களில் ஏதாவது ஒன்று உங்களுக்கு எப்போதாவது இருந்ததுண்டா? பட்டியலில் மூன்றாவதாக அது இருந்தது. பக்கத்தில் அன்வர் தன் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். நான் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டேன். கீழே சிறிய எழுத்தில், இந்நாட்டு மொழியில் மட்டும், தவறான தகவல் தந்தால் அனுமதி எந்தக் காலத்திலும் ரத்து செய்யப்படலாம் என்று இருந்தது. நகலில் இருந்த அந்த வரியை எனக்கு வாசிக்கத் தெரிந்ததே இரண்டு வருடம் கழித்து, மொழி வகுப்பில் நன்றாகத் தேறிய பிறகுதான். வாசித்த அன்றிலிருந்து தபால்பெட்டியில் அரசாங்க உறை எதைப் பார்த்தாலும் அன்வர் எடுப்பதற்குள் நானே எடுத்துப் பிரித்துவிடுவேன்.

3

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் எனக்கு மிகவும் சங்கடமான பகுதி இதுதான்.

நகராட்சி அலுவலகத்தில் பதிவுகளை ஒப்பிடும் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். வீட்டு வாடகை உதவிக்கு ஒரு பட்டியல், பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று என்று ஊரில் எல்லோரும் பல பட்டியல்களில் இருக்கிறார்கள். ஒரு பட்டியலில் இருக்கும் ஆளும் இன்னொன்றில் இருக்கும் ஆளும் ஒருவர்தானா என்று கணினி பார்த்து மதிப்பெண் போடும். அதற்குச் சந்தேகம் வந்தால் என் திரைக்கு அனுப்பும். நான் 'ஒருவரே' அல்லது 'வேறு வேறு' என்று அழுத்துவேன். அகமது, அஹ்மத், ஆமெத் எல்லாம் ஒரே பெயர் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் என்னை எடுத்தார்கள். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. இரட்டைப் பதிவால் உதவி கிடைக்காமல் அலைந்தவர்கள் பலருக்கு என் விரலால் வழி கிடைத்திருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெண்ணின் இரண்டு பதிவுகள் வந்தன. பெயரில் பாதி ஒன்று, பிறந்த நாள் ஒன்று, விலாசம் வேறு. நான் 'ஒருவரே' என்று அழுத்தினேன். சரியான பதில்தான். சில வாரங்கள் கழித்து அவள் எங்கள் முகப்புக்கு வந்தாள். இரண்டு கைகளிலும் துணிப் பைகள். தாடை வீங்கியிருந்தது. கணவனிடமிருந்து தப்பி, பெயரை மாற்றிக்கொண்டு வேறு பகுதியில் குடியிருந்திருக்கிறாள். பதிவுகள் ஒன்றானதும் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் தானாகவே பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. அதில் அவளுடைய புதிய விலாசம் இருந்திருக்கிறது.

"என்னைச் சேர்த்தது யார்?" என்று அவள் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. முகப்பில் இருந்தவர் கணினி தானாகச் செய்தது என்றார். கண்ணாடிக்குப் பின்னால் நான்கடி தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. அவளை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். விதிப்படி தவறில்லை என்று மேலதிகாரி சொன்னார். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

கபீர் போனை வைத்த பிறகு அவள் ஞாபகம்தான் வந்தது. இப்போது யாரோ ஒருவரின் திரையில் என் இரண்டு பதிவுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் பதினொரு வயது. இன்னொன்றில் நாற்பத்தொன்பது.

4

கபீரிடம் வந்து விசாரித்த பெண் நான்கு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். பெயர் கலைச்செல்வி. சொந்த ஊர் படாளம். குரலில் இருபத்தைந்து வயதுதான் இருக்கும்.

"அக்கா, தொந்தரவு பண்றேன்னு நெனச்சிக்காதீங்க. பழைய நோட்டுங்க எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஏத்திட்டாங்க. அதுல கீறவங்க இப்ப எப்பிடி கீறாங்கன்னு நாங்க ஒவ்வொருத்தரா போய்ப் பாக்கறோம். உங்களுக்குப் பத்தே கேள்விதான்."

"யார் பாக்கறதுக்கு இது?"

"ஆராய்ச்சிக்குன்னு சொன்னாங்க."

"யாரோட ஆராய்ச்சி?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. நான் ஏத்தறதோட சரி. ஒரு கம்பெனி கான்ட்ராக்டு எடுத்திருக்குது."

"என் சம்மதம் கேக்க வேண்டாமா?"

"ஒப்புதல்னு ஒரு கட்டம் கீதுக்கா. அத்த அழுத்தினாதான் அடுத்த பக்கமே தொறக்கும். அதனால நாங்களே அழுத்திட்டுத்தான் உள்ள போவோம்."

அவள் அதை மறைக்காமல் சொன்னாள். அதில் ஏதாவது கோளாறு இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. எங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒரு கட்டம் உண்டு. அதை யார் எப்போது அழுத்தினார்கள் என்று பதினோரு வருடத்தில் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"என் பேரை எடுத்துடு கலைச்செல்வி."

"எடுக்கறதுக்குப் பட்டன் இல்லக்கா. மூணே மூணுதான் கீது. இருக்கிறார், இறந்துவிட்டார், காணவில்லை. உங்க தம்பி உயிரோட கீறீங்கன்னு சொல்லிட்டாரு. ஆனா நான் இன்னும் சேவ் பண்ணல." சற்று யோசித்தாள். "அக்கா, உங்களுக்கு ரொம்ப பேஜாரா இருந்துச்சின்னா சொல்லுங்க. செத்துட்டாங்கன்னு போட்டுடறேன். யாரும் வந்து பாக்கமாட்டாங்க."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். கபீரும் அன்று மாலையே அதைத்தான் சொன்னான். "போட்டா போட்டுட்டுப் போவுட்டும்க்கா. ஒரு லிஸ்ட்ல செத்தா இன்னா? நீ அங்க நல்லாத்தானே கீற."

என் வேலையைச் செய்யாதவர்கள் அப்படிச் சொல்லலாம். ஒரு பட்டியலில் செத்தவர் அந்தப் பட்டியலோடு நிற்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். சாவு பக்கத்துப் பட்டியலுக்குப் போகும். அங்கிருந்து அடுத்ததற்கு. உயிரோடிருக்கும் ஆள் எதிரே வந்து நின்றாலும் எங்கள் ஆட்கள் திரையைத்தான் முதலில் பார்ப்பார்கள். உயிரோடிருக்கிறேன் என்று போட்டாலும் அதுவும் அப்படித்தான் பயணம் போகும். எந்தக் கதவைத் தட்டும், எப்போது தட்டும் என்று சொல்ல முடியாது. கலைச்செல்வியிடம், இப்போது எதையும் போடாதே, நேரில் வருகிறேன் என்றேன்.

வருடாவருடம் போகும் பயணத்தை ஒரு மாதம் முன்னால் நகர்த்தினேன். அன்வரிடம் கபீருக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவர் நம்பினார். என்னை எப்போதும் நம்பியிருக்கிறார்.

5

விமானநிலையத்திலிருந்து கபீர் கடற்கரைச் சாலை வழியாகக் கூட்டிப்போனான். மாமல்லபுரம் திருப்பத்தில் கம்பத்துக்கு நான்காகக் கேமராக்கள். போன வருடமும் இருந்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. இந்தத் தடவை துப்பட்டாவை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"வெயில் அடிக்குதாக்கா?" என்றான் கபீர்.

ஆமாம் என்றேன். என்ன நோய் என்று அவனிடம் அன்று மாலை சொன்னேன். சதுரங்கப்பட்டினத்து டச்சுக்கோட்டைச் சுவரின் நிழலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அவன் வண்டிச் சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு, "என் பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு கீறோம்க்கா" என்றான்.  என்மேல் கோபம் இல்லை, பயம்தான். அந்தப் பயத்தைக் கடல் தாண்டி நான்தான் அவன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் நானும் கொண்டுவரவில்லை. அது முப்பத்தெட்டு வருடமாக ஒரு நோட்டில் பத்திரமாக இருந்தது.

மறுநாள் செங்கல்பட்டில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்குக் கலைச்செல்வி என்னைக் கூட்டிப்போனாள். ஒல்லியான பெண். கழுத்தில் அட்டை, தோளில் பை, காலில் நடந்து தேய்ந்த செருப்பு. மேற்பார்வையாளர் மரியாதையான மனிதர். நாற்காலி போட்டு, டீ சொன்னார். வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய நோயாளி தேடிக்கொண்டு வந்தது அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

"உங்க ரெக்கார்டு எப்பிடிப் புடிச்சோம் தெரியுங்களா மேடம்? பழைய நோட்டுல உங்க பேரு ஒரு மாதிரி இருக்கு, இப்ப இருக்கிற லிஸ்டுங்கள்ல வேற மாதிரி இருக்கு. சாஃப்ட்வேரே ரெண்டையும் சேத்துடுச்சி. தொண்ணூத்தாறு மார்க்கு."

திரையை என் பக்கம் திருப்பினார். நீல மையில் அந்த எழுத்தரின் சாய்ந்த கையெழுத்து. அத்தாவின் பெயர், தெரு, கதவு எண். கையின் படம் ஒன்றை வரைந்து, வட்டம் இருந்த இடத்தில் புள்ளி வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே புதிதாக ஒரு கிளை பிரிந்திருந்தது. தொடர்பில் இருந்தவர்கள். அத்தா, அம்மா, கபீர். கபீரின் மனைவி, அவர்கள் மகள். அன்வர். கடைசியில் சஃபியா, வயது இருபத்திரண்டு, நான் இருக்கும் நாட்டின் பெயர். எல்லாப் பெயர்களுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

"இது எதுக்கு? எனக்கு வியாதி வந்தபோது இவ பொறக்கவே இல்லியே."

"குடும்பம்னா எல்லாரையும் போடணும் மேடம். பேரெல்லாம் வெளிய போவாது. நம்பராத்தான் போவும்."

"எங்க போவும்?"

"கிளவுட்ல."

"அது எந்த ஊர்ல இருக்கு?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். பெயருக்குப் பதில் எண் போட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்று அவர் நம்பினார். வயது, தெரு, நாடு, மகளின் வயது, இந்த நான்கும் இருந்தால் எனக்கு ஒரு நிமிடம் போதும் என்று அவரிடம் சொன்னேன். இதுதான் என் வேலை என்றும் சொன்னேன்.

"ஒரு பொண்ணு எங்க ஆஃபீசுக்கு வந்தா சார். ரெண்டு பையோட" என்று ஆரம்பித்தேன். மேலே சொல்ல முடியவில்லை. மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாததை நினைத்து அந்த மாடியில் வைத்து அழுதுவிட்டேன். கலைச்செல்வி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிறகு அவளும் நானும் கீழே டீக்கடையில் நின்றோம். எதிரே மின்சார ரயிலுக்கு ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க பயப்படறது எனக்குப் புரியுதுக்கா" என்றாள். "ஆனா எங்க நைனாவுக்கு அந்த வியாதி வந்தப்ப யாரும் வூட்டுக்கு வந்து கேக்கல. எங்களுக்கும் தெரியல. வரப்பு வெட்டுனப்ப கால்ல மம்முட்டி பட்டு ரத்தம் போய்க்கினே கீது, அவரு வேல செய்துகினே கீறாரு. வலிக்கலன்னாரு. எங்களுக்கு அது பெருமையா இருந்துச்சி. அப்பறம் வெரலெல்லாம் மடங்கிப் போச்சி. இப்ப சோத்த அவரால பெசைய முடியாது, எங்க அம்மாதான் ஊட்டுது. அப்ப எவனாவது ஒருத்தன் டேப்லெட்ட வெச்சிக்கினு எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னிருந்தா, வெரலு இருந்திருக்கும். அதான் நான் இந்த வேலைக்கி வந்தேன்."

  என் விரல்கள் பத்தும் நேராக இருப்பது ஒரு குழு பள்ளிக்கூடத்துக்கு வந்ததால்தான். அத்தா உண்மையான விலாசத்தைக் கொடுத்ததால்தான். கணக்கெடுக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் அத்தா கொடுத்தது என் மாத்திரைக்காக. அந்த எழுத்தர் வாங்கிக்கொண்டதும் அதற்காக மட்டும். அவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு, அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த வார்த்தைக்கு யார் பொறுப்பு? நாங்கள் ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றுகிறோம். ஊரில் இருக்கும் நாளில் தேர்தல் வந்தால் அங்கே போடுகிறேன், இங்கே நகராட்சித் தேர்தலில் போடுகிறேன், போன தேர்தல்வரை அதைத்தான் பெரிய உரிமை என்று பேசிக்கொண்டிருந்தேன். இந்த நோட்டை இந்த அறையை விட்டு எடுக்கலாமா என்று மட்டும் எந்த நாட்டிலும் என்னை யாரும் கேட்டதில்லை.

"இருக்கிறார்னு போடு" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். ஏற்கெனவே ஒரு எடத்துல பொய் எழுதிட்டு இருபத்து மூணு வருஷமா தூங்காம கெடக்கறேன். இன்னொண்ணு வேணாம்."

அவள் அழுத்தினாள். திரை ஒரு தடவை பச்சையாகி அணைந்தது. திரும்ப மாடிக்குப் போய், என் மகளின் பெயரையும் தம்பி குடும்பத்தின் பெயர்களையும் நீக்கும்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் வாங்கி, நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். தன்னால் ஆனதைச் செய்வதாகச் சொன்னார். இன்றுவரை பதில் இல்லை. கலைச்செல்வியிடம் கேட்டால், "மேல அனுப்பிட்டாங்கக்கா" என்கிறாள். அந்த மேல் எது என்று அவளுக்கும் தெரியாது.

6

திரும்பி வந்து, அன்வரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை, நாஸ்தா முடிந்து தட்டுகளைக்கூட எடுக்கவில்லை. இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவர் நோயைப் பற்றி என்ன கேட்பாரோ என்று பயந்திருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி வேறு.

"படிவத்தில் என்ன போட்டே?"

"இல்லைன்னு."

அவர் எழுந்து ஜன்னலருகே போனார். தெருவில் யாரோ நாயைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.  பிறகு திரும்பி வந்து, என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.  

"யார்கிட்டேயும் சொல்லாதே" என்றார். "சஃபியாகிட்டயும் சொல்லாதே."

ஒரு வக்கீலைப் பார்த்தோம். இத்தனை வருடம் கழித்துத் தோண்டமாட்டார்கள் என்றுதான் நினைப்பதாகச் சொன்னார். நாமாகப் போய்ச் சொல்வதா, காத்திருப்பதா என்று கேட்டோம். இரண்டிலும் ஆபத்து இருக்கிறது என்றார். குடியேற்ற அலுவலகத்துக்கு உண்மையைச் சொல்லி எழுதி வைத்திருக்கும் கடிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. என் அலுவலகத்தில், இரண்டு பைகளோடு வந்த அந்தப் பெண்ணின் கோப்பைத் திரும்ப எடுக்கச் சொல்லி, சேர்த்தது நான்தான் என்று பெயர் போட்டு மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அது மட்டும்தான் நான் பயந்துகொண்டே செய்து முடித்த காரியம். என்னை வேறு பிரிவுக்கு மாற்றப்போவதாகப் பேச்சு.

சஃபியாவிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவள் பெயர் அதில் இருக்கிறது. ஒரு நாள் யாராவது அவளைக் கூப்பிட்டு முதலில் சொல்லிவிட்டால்? அவள் வேறு நகரத்தில் படிக்கிறாள். மாதத்துக்கு ஒரு முறை வருவாள். வந்தால் அவள் நண்பர்களோடு இந்நாட்டு மொழியில் சிரித்துப் பேசுவது அடுத்த அறையிலிருந்து கேட்கும். என்னோடு பேசும்போது சொற்களைத் தேடுவாள். வந்த அன்று மாலை, சோபாவில் பக்கத்தில் உட்கார வைத்து, எனக்குச் சின்ன வயதில் தொழுநோய் இருந்தது என்றேன்.

அவள் புருவத்தைச் சுருக்கினாள். "தொழுறதா? தொழுதா வர நோயா அம்மா? முட்டியிலயா?"

அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. தொழுகை என்ற சொல் மட்டும் தெரியும். நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. இந்நாட்டு மொழியில் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும், படிவத்தில் பார்த்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. தமிழிலேயே விளக்கினேன். தோலில் வரும், நரம்பைத் தொடும், முன்காலத்தில் ஊருக்கு வெளியே வைப்பார்கள், எனக்கு மாத்திரையில் சரியாகிவிட்டது, உனக்கு ஒன்றும் வராது. படிவத்தைச் சொன்னேன். செங்கல்பட்டில் பார்த்த திரையைச் சொன்னேன். உன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது என்றும் சொன்னேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். என் கையைத் தூக்கி முழங்கைக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையே அம்மா" என்றாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். பல வருடங்களுக்குப் பிறகு அவ்வளவு இறுக்கமாகக் கட்டிக்கொண்டாள். அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, இனி என்ன வந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தேன்.

அவள் கைகளை விலக்கிக்கொண்டு கைபேசியை எடுத்தாள்.

"என்ன பண்றே?"

"நீங்க சொன்னது எனக்குச் சரியா புரியல. தேடிப் பார்க்கறேன். பிள்ளைங்களுக்கு வருமா, அம்மாவோட விசாவுக்கு என்ன ஆகும், எல்லாம் கேட்டுட்டேன்."

நான் அவள் கையைப் பிடிப்பதற்குள் அவள் முழுவதையும் தேடல் பெட்டியில் தட்டி அனுப்பியிருந்தாள்.

மறுநாள் மதியம் சாப்பிடும்போது அவள் கைபேசி மேசைமேல் கிடந்தது. திரை ஒளிர்ந்தது. எங்கள் நகரத்துத் தோல் மருத்துவமனை ஒன்றின் விளம்பரம், சிரித்த முகத்தோடு ஒரு டாக்டர். அதற்குக் கீழே குடியேற்ற வக்கீல் ஒருவருடையது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். சஃபியா மெதுவாகக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.